உலாவித் தானியங்கிச் சோதனை முடிவுகளின் நிகழ்நேர அறிவிப்பு: எச்சமும் முற்றும்

ஆய்வுச் சுருக்கம்

வலைத்தளம் ஒன்று உலாவியில் முறையாக இயங்குகிறதா என்பதை நிரலே சோதித்து அறியும் முறை இருபதாண்டுகளுக்கு மேலாக வழக்கில் உள்ளது. சோதனைகள் நடந்துகொண்டிருக்கும்போதே அவற்றின் முடிவுகளை ஒவ்வொன்றாகத் தெரிவிப்பது நிகழ்நேர அறிவிப்பு எனப்படும். இவ்வறிவிப்பின் இயக்கத்தையும் வடிவங்களையும் இக்கட்டுரை விளக்குகிறது. நிகழ்நேரத்தில் வரும் ஒவ்வொரு செய்தியும் எச்சத்தன்மை உடையது. திட்டமும் நிறைவுச் செய்தியும் உடன்வந்தாலன்றி அதனை முற்றாகக் கொள்ளுதல் பிழையாகும் என்பது கட்டுரையின் கருதுகோள். தமிழ் உரை இத்தகைய அறிவிப்பின் வழியே செல்லும்போது தோன்றும் சிக்கல்களும் ஆராயப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: உலாவி, தானியங்கிச் சோதனை, நிகழ்நேரம், டேப் நெறிமுறை, வெப்டிரைவர், ஒருங்குறி, இயல்பாக்கம்

முன்னுரை

தமிழ் நூல்களும் அகராதிகளும் தொடரடைவுகளும் இன்று பெருமளவில் வலைத்தளங்களின் வழியாகவே ஆய்வாளரை அடைகின்றன. இத்தளங்களின் நிரல் அவ்வப்போது மாற்றப்படுகிறது. ஒவ்வொரு மாற்றத்திற்குப் பின்னும் தேடல் இயங்குகிறதா, பக்கம் திறக்கிறதா, எழுத்து சரியாகத் தோன்றுகிறதா என்று சரிபார்த்தல் வேண்டும். நூற்றுக்கணக்கான பக்கங்களை ஒவ்வொரு முறையும் ஒருவர் அமர்ந்து சொடுக்கிப் பார்த்தல் இயலாது. எனவே அப்பணி தானியங்கிச் சோதனைக்கு விடப்படுகிறது. சோதனையின் அறிக்கையைப் பார்த்தே ‘வெளியிடலாம்’ என்றோ ‘நிறுத்துக’ என்றோ முடிவு செய்யப்படுகிறது.

அம்முடிவை எடுப்பவர் நிரலராக இருக்க வேண்டியதில்லை. ஒரு மின்பதிப்பின் பொறுப்பாசிரியராகவோ நூலகராகவோ அவர் இருக்கலாம். ஆகவே அறிக்கையை எவ்வாறு படிப்பது, அதில் எதனை எப்போது நம்புவது என்பன கணினியியலுக்கு மட்டும் உரிய வினாக்கள் அல்ல. உரைகளைப் படித்துப் பொருள் கொள்ளும் துறைக்கும் இவை உரியவை.

தமிழிலக்கணம் வினையை முற்று, எச்சம் எனப் பகுக்கும். ‘வந்து’ என்னும் சொல் ஒரு செயலைத் தெரிவிக்கிறது. எனினும் பொருள் நிரம்புவதற்கு ஒரு முடிக்கும் சொல்லை வேண்டி நிற்கிறது. நடந்துகொண்டிருக்கும் சோதனையின் அறிவிப்பும் இத்தகையதே. இவ்வொப்புமை பின்வரும் விளக்கத்திற்குக் கருவியாகக் கொள்ளப்படுகிறது.

1. உலாவிச் சோதனையின் இயக்கம்

உலாவியை நிரலால் இயக்கிச் சோதிக்கும் கருவிகளுள் பரவலாக அறியப்பட்டது செலினியம். இது 2004ஆம் ஆண்டு தாட்வொர்க்ஸ் நிறுவனத்தில் பணியாற்றிய ஜேசன் ஹக்கின்ஸ் என்பவரால் உருவாக்கப்பட்டது. பின்னர் சைமன் ஸ்டூவர்ட் உருவாக்கிய வெப்டிரைவர் இதனுடன் இணைந்தது. வெப்டிரைவர் நெறிமுறை 2018 ஜூன் மாதத்தில் உலகளாவிய வலைச் சேர்த்தியத்தின் பரிந்துரையாக ஏற்கப்பட்டது. மைக்ரோசாப்ட் நிறுவனத்தின் பிளேரைட் 2020இல் வெளிவந்தது.

கருவிகள் வேறுபடினும் அடிப்படைச் செயல் ஒன்றே. சோதனை நிரல் ஓர் உலாவியைத் திறக்கும், குறித்த முகவரிக்குச் செல்லும், தேடற் பெட்டியில் ஒரு சொல்லை இடும், பொத்தானை அழுத்தும், திரையில் தோன்றுவதை எதிர்பார்ப்புடன் ஒப்பிடும். இரண்டும் ஒத்தால் சோதனை தேறியது, ஒவ்வாவிடில் தவறியது.

இத்தகைய சோதனைகள் காலம் கொள்பவை. ஒரு கணக்கீட்டைச் சரிபார்க்கும் சோதனை நொடியின் சிறு கூறில் முடிந்துவிடும். உலாவிச் சோதனையோ பக்கம் இறங்கவும், படங்கள் வரவும், சேவையகம் விடையளிக்கவும் காத்திருக்க வேண்டும். முழுத் தொகுதியும் முடியப் பல நிமிடங்களோ மணிக்கணக்கோ ஆகலாம். அதுவரை எதுவும் தெரியாமல் காத்திருப்பதைத் தவிர்க்கவே நிகழ்நேர அறிவிப்பு தோன்றியது. முதல் நிமிடத்திலேயே புகுபதிகைப் பக்கம் உடைந்திருப்பது தெரிந்தால் எஞ்சிய ஓட்டத்தை நிறுத்திவிட்டுப் பழுதைத் திருத்தலாம்.

2. அறிக்கை வடிவத்தின் இரு மரபுகள்

சோதனை அறிக்கைகளில் இரு மரபுகள் நெடுங்காலமாக வழங்குகின்றன. முதலாவது டேப் எனப்படும் நெறிமுறை. இது 1987இல் பெர்ல் மொழியின் முதற் பதிப்போடு தோன்றியது. இதில் ஒவ்வொரு சோதனைக்கும் ஒரு வரி. தேறினால் ‘ஓகே’ என்றும் தவறினால் ‘நாட் ஓகே’ என்றும் தொடங்கி, வரிசை எண்ணும் விளக்கமும் அடுத்து வரும். ஒரு வரி எழுதப்பட்ட உடனேயே அதனைப் படிக்கலாம். அடுத்த வரிக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. ஆகவே இது இயல்பிலேயே நிகழ்நேரத்திற்கு ஏற்றது.

இரண்டாவது ஜேயூனிட் வழிவந்த எக்ஸ்எம்எல் வடிவம். ஜாவா உலகில் தோன்றி, இன்று பல மொழிகளின் கருவிகளாலும் ஏற்கப்பட்டுள்ளது. இதில் தொகுதியின் தொடக்கக் குறியிலேயே மொத்தச் சோதனைகள், தவறியவை, பிழைபட்டவை, செலவான நேரம் ஆகியவற்றின் எண்ணிக்கை இடம்பெறுகிறது. முதல் வரியை எழுதுவதற்கே கடைசிச் சோதனையின் முடிவு தெரிந்திருக்க வேண்டும். மேலும், மூடுகுறி இல்லாத எக்ஸ்எம்எல் ஆவணம் முறையான ஆவணமாகக் கொள்ளப்படாது. எனவே இவ்வடிவம் ஓட்டம் முடிந்த பின்னரே பிறக்கும் முற்றுவடிவம்.

ஒவ்வொன்றுக்கும் ஒரு வலிமையும் ஒரு குறையும் உண்டு. எக்ஸ்எம்எல் அறிக்கை கிடைத்தால் அது நிறைவான ஒன்று; ஆனால் இடையில் கணினி நின்றுவிட்டால் அறிக்கையே இராது. முந்தைய ஓட்டத்தின் கோப்பு அழிக்கப்படாமல் கிடந்தால் அதனையே புதியதாகக் கொள்ளும் இடரும் உண்டு. டேப் அறிக்கையில் நின்ற இடம்வரை நடந்தவை எஞ்சும். ஆனால் எஞ்சியதே முழுமை என்று தோன்றும் மயக்கம் அதில் நேரலாம்.

இம்மயக்கத்தை நீக்கவே டேப் நெறிமுறையில் ‘திட்டம்’ என்னும் வரி இடம்பெறுகிறது. ‘1..40’ என்னும் திட்டவரி நாற்பது சோதனைகள் வரவிருக்கின்றன என்பதைக் குறிக்கும். முப்பத்தொரு ‘ஓகே’ வரிகள் வந்தபின் ஓட்டம் அறுந்தால், வந்தவை அனைத்தும் தேறியிருந்தாலும் அறிக்கையைப் படிக்கும் நிரல் அதனைத் தோல்வி என்றே அறிவிக்கும். திட்டவரி தொடக்கத்திலும் வரலாம், இறுதியிலும் வரலாம். தொடக்கத்தில் வந்தால் அது வாக்குறுதி. இறுதியில் வந்தால் அது முடிப்புச் சொல். எவ்விடத்திலும் வராவிடில் முப்பத்தொரு வெற்றிகளும் பொருள் நிரம்பாத எச்சங்களே.

3. செய்தி வரும் வழிகள்

முடிவு உருவான கணத்திற்கும் அது திரையில் தோன்றும் கணத்திற்கும் இடையே பல நிலைகள் உள்ளன. முதல் நிலை உலாவிக்கும் சோதனை நிரலுக்கும் இடைப்பட்டது. தொடக்கக்கால வெப்டிரைவர் நெறிமுறையில் நிரல் ஒரு கட்டளையை அனுப்பும். உலாவி ஒரு விடையை அனுப்பும். கேளாமல் உலாவி எதனையும் சொல்ல இயலாது. பக்கத்தில் ஒரு பிழை எழுந்தாலும், அடுத்த வினா வரும்வரை அது வெளிப்படாது. இக்குறையை நீக்க இருதிசை வெப்டிரைவர் என்னும் புதிய நெறிமுறை உருவாக்கப்பட்டு வருகிறது. இதில் வெப்சாக்கெட் இணைப்பின் வழியே, நிகழ்வு நேர்ந்த உடனேயே உலாவி தானாகத் தெரிவிக்கும்.

இரண்டாம் நிலை சோதனை நிரலுக்கும் அதனைக் கண்காணிப்பவரின் திரைக்கும் இடைப்பட்டது. இங்கு இரு வழிகள் பெரிதும் கையாளப்படுகின்றன. ஒன்று 2011 டிசம்பரில் தரப்படுத்தப்பட்ட வெப்சாக்கெட். இதில் இருபுறமும் செய்தி செல்லும். மற்றொன்று சேவையகம் அனுப்பும் நிகழ்வுகள் என்னும் முறை. இதில் செய்தி சேவையகத்திலிருந்து பார்ப்பவரை நோக்கி ஒருதிசையில் மட்டும் செல்லும். முடிவுகளைக் காட்டுவதற்கு ஒருதிசையே போதும். அன்றியும் இம்முறையில் ஒவ்வொரு நிகழ்வுக்கும் ஓர் அடையாள எண் கொடுக்கலாம். இணைப்பு அறுந்து மீண்டும் பொருந்தும்போது, தான் இறுதியாகப் பெற்ற எண்ணை உலாவியே சேவையகத்திற்குத் தெரிவிக்கும். நிகழ்வுகளைச் சேமித்து வைத்திருக்கும் சேவையகம் விடுபட்டவற்றை மீண்டும் அனுப்பலாம். சேமிக்காத சேவையகத்தில் இடைப்பட்ட முடிவுகள் சொல்லாமலே மறையும்.

மூன்றாவதாக ஒரு மறைவான நிலை உண்டு. பல நிரல்கள் தம் வெளியீட்டை முனையத்திற்கு எழுதும்போது வரிக்கு வரி எழுதுகின்றன. அதே வெளியீட்டை வேறொரு நிரலுக்குக் குழாய் வழியாக அனுப்பும்போது ஓர் இடையகத்தில் சேர்த்துவைத்து, அது நிரம்பிய பின்னரே அனுப்புகின்றன. நிரலரின் மேசையில் உடனுக்குடன் தோன்றிய முடிவுகள் சேவையகத்தில் கொத்துக்கொத்தாகத் தாமதித்து வருவதற்கு இதுவே பெரும்பாலும் காரணம். ஒவ்வொரு வரிக்குப் பின்னும் இடையகத்தை வெளியேற்றுமாறு பணித்தால் இத்தாமதம் நீங்கும்.

4. நிகழ்வும் தீர்ப்பும்

செய்தி தாமதமின்றி வந்துசேர்ந்தாலும் அதன் பொருள் உடனே உறுதியாவதில்லை. இதற்கு மூன்று காரணங்கள் உள்ளன.

முதற் காரணம் இணையோட்டம். காலத்தைச் சுருக்கப் பல உலாவிகள் ஒரே நேரத்தில் இயக்கப்படுகின்றன. முடிவுகள் எழுதப்பட்ட வரிசையில் வராமல் முடிந்த வரிசையில் வருகின்றன. விரைந்து முடிபவை முதலில் வரும். தேறும் சோதனை பெரும்பாலும் விரைந்து முடியும். தவறும் சோதனையோ, வராத ஒன்றுக்காகக் காத்திருந்து, கால எல்லை கடந்த பின்னரே பெரும்பாலும் தவறுகிறது. பிளேரைட் கருவியில் ஒரு சோதனைக்கு இயல்பாக அமைந்த கால எல்லை 30 நொடிகள்.

இதன் விளைவை ஒரு கணக்கால் விளக்கலாம். நாற்பது சோதனைகளை எட்டு உலாவிகள் பகிர்ந்துகொள்வதாகக் கொள்க. முப்பத்தாறு சோதனைகள் இவ்விரண்டு நொடியில் தேறுபவை. எஞ்சிய நான்கும் முப்பது நொடி காத்திருந்து தவறுபவை. தொடக்கத்திலேயே அந்நான்கும் நான்கு உலாவிகளில் சிக்கிக்கொண்டால், மற்ற நான்கு உலாவிகளும் தலைக்கு ஒன்பது சோதனைகளைப் பதினெட்டு நொடிகளில் முடித்துவிடும். பதினெட்டாம் நொடியில் திரை ‘36 தேறியவை, 0 தவறியவை’ எனக் காட்டும். முப்பதாம் நொடியிலேயே நான்கு தோல்விகளும் ஒருசேரத் தோன்றும். பதினெட்டாம் நொடியில் திரை சொன்னதில் பொய் ஏதுமில்லை. ஆயினும் அது நன்மையின் பக்கம் சாய்ந்த செய்தி. இச்சாய்வு தற்செயலானதன்று, காத்திருந்து தவறும் சோதனைகளின் இயல்பிலேயே அமைந்தது. ‘இயங்குபவை 4’ என்னும் மூன்றாம் எண் உடன்காட்டப்பட்டால் மட்டுமே வாசகர் அதனை உணர இயலும்.

இரண்டாம் காரணம் மறுமுயற்சி. வலையின் வேகக்குறைவு போன்ற புறக்காரணங்களால் நல்ல சோதனையும் சிலவேளை தவறும். எனவே தவறிய சோதனையை மீண்டும் இயக்குமாறு கருவிகளை அமைப்பதுண்டு. பிளேரைட் ஒவ்வொரு முயற்சியின் முடிவையும் தனித்தனியே தெரிவிக்கிறது. முதல் முயற்சியில் தவறி அடுத்ததில் தேறியதை அது ‘நிலையற்றது’ என்னும் தனி வகையில் வைக்கிறது. இந்நிலையில், திரையில் சிவப்பாகத் தோன்றிய ஒரு வரி சில நொடிகளில் மாறலாம். முயற்சியின் முடிவு வேறு. சோதனையின் தீர்ப்பு வேறு. முன்னது நிகழ்வு, பின்னது நிகழ்வுகளிலிருந்து பெறப்படும் முடிபு. சிவப்பை அழித்துப் பச்சையை எழுதும் அறிக்கை வரலாற்றை இழக்கிறது. இரு முயற்சிகளையும் காட்டி அவற்றின்மேல் தீர்ப்பை வைக்கும் அறிக்கையோ பாடவேறுபாடுகளை அடிக்குறிப்பில் காக்கும் செம்பதிப்பைப் போன்றது.

மூன்றாம் காரணம் மௌனம். ஒரு நிமிடமாகச் செய்தி ஏதும் வரவில்லை எனில், நீண்ட சோதனை ஒன்று நடக்கிறது எனலாம். உலாவி உறைந்துவிட்டது எனலாம். இணைப்பு அறுந்தது எனலாம். மூன்றும் திரையில் ஒன்றுபோலவே தோன்றும். குறித்த இடைவெளியில் ‘இயங்குகிறது’ என்னும் உயிர்ப்புச் செய்தியை அனுப்பினால் இணைப்பு அறுந்த நிலையை மற்றவற்றிலிருந்து பிரித்தறியலாம். ஒவ்வொரு சோதனையின் தொடக்கத்தையும் தெரிவித்தால், எந்தச் சோதனையில் ஓட்டம் நிற்கிறது என்பதும் விளங்கும்.

5. தமிழ் உரையும் நிகழ்நேர அறிவிப்பும்

மேற்கூறியவை எம்மொழித் தளத்திற்கும் பொதுவானவை. தமிழ் உரையைச் சோதிக்கும்போது சில தனிச் சிக்கல்கள் எழுகின்றன.

முதலாவது, துண்டாகும் எழுத்து. வலையில் பெருவழக்காக உள்ள யூடிஎஃப்-8 குறிமுறையில் தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றும் மூன்று பைட்டுகளைக் கொள்ளும். ‘தமிழ்’ என்னும் சொல் ஐந்து குறியீடுகளால் ஆனது. ஆகவே பதினைந்து பைட்டுகள். ஓடையாக வரும் செய்தி எழுத்தின் எல்லையை அறியாது. பைட்டுகள் வந்த அளவில் துண்டாகும். ஒரு குறியீட்டின் முதற் பைட்டு ஒரு துண்டிலும் எஞ்சிய இரண்டும் மறுதுண்டிலும் விழுந்தால், துண்டுகளைத் தனித்தனியே எழுத்தாக்கும் நிரல் அவ்விடத்தில் சிதைவுக்குறியை இடும். ஆங்கில எழுத்து ஒவ்வொன்றும் ஒரே பைட்டு ஆதலின் ஆங்கிலப் பெயர் கொண்ட சோதனைகளில் இப்பழுது வெளிப்படாது. முழு அறிக்கையையும் இறுதியில் ஒருசேரப் படித்தாலும் வெளிப்படாது. தமிழ்ப் பெயரும் நிகழ்நேர ஓடையும் கூடும் இடத்திலேயே அது தோன்றும். எஞ்சிய பைட்டுகளை அடுத்த துண்டு வரும்வரை காத்துவைக்கும் ஓடைமுறை எழுத்தாக்கத்தைக் கையாளுதலே இதற்குத் தீர்வு.

இரண்டாவது, ஒன்றுபோல் தோன்றும் இரண்டு. ‘கொடி’ என்னும் சொல்லின் ஒகரக் குறியை ஒருங்குறியில் இருவகையாக எழுதலாம். 3018 என்னும் ஒரே குறியீட்டால் எழுதுவது ஒன்று. 3014 என்னும் ஒற்றைக்கொம்பையும் 3006 என்னும் காலையும் அடுத்தடுத்து இட்டு எழுதுவது மற்றொன்று. முன்னதில் சொல் நான்கு குறியீடுகள், பின்னதில் ஐந்து. ஒருங்குறி இவ்விரண்டையும் நிகரானவை என்றே கூறுகிறது. ஆனால் ஜாவாஸ்கிரிப்ட்டின் இயல்பான ஒப்பீடு குறியீடுகளை மட்டுமே பார்ப்பதால் இவற்றை வேறு எனக் கொள்ளும். அப்போது அறிக்கை ‘எதிர்பார்த்தது: கொடி; பெற்றது: கொடி; தவறியது’ என்று கூறும். படிப்பவர் திகைப்பார், சோதனையே பழுது என்று கருதி அதனை நீக்கவும் கூடும். உண்மையில் அச்சோதனை ஒரு மெய்யான குறையைச் சுட்டியிருக்கலாம்: ஒருவகையில் தட்டச்சு செய்யும் ஆய்வாளருக்கு மறுவகையில் சேமிக்கப்பட்ட சொல் தேடலில் அகப்படாது. தமிழ்த்தளச் சோதனையின் அறிக்கை, தவறிய இடத்தில் உரையோடு குறியீட்டெண்களையும் காட்டுதல் இன்றியமையாதது. தளத்தின் நிரல் ஒப்பீட்டுக்கு முன் இரு உரைகளையும் ஒரே வடிவுக்கு இயல்பாக்கினால் குறையும் நீங்கும்.

மூன்றாவது, தேறியும் தேறாத பக்கம். சோதனைகள் பெரும்பாலும் திரையில்லாச் சேவையகங்களில் நடக்கின்றன. அவற்றில் தமிழ் எழுத்துரு நிறுவப்படாமல் இருக்கலாம். பக்கத்தின் உரையை நிரல் படித்து ஒப்பிடும்போது அனைத்தும் தேறும். அதே வேளையில் எடுக்கப்படும் திரைப்படிமத்தில் எழுத்துகளுக்குப் பதில் வெற்றுக் கட்டங்களே தெரியும். உரை சரி என்பதும் உரை தெரிகிறது என்பதும் இருவேறு உறுதிகள். நிகழ்நேர அறிவிப்பில் திரைப்படிமத்திற்கான இணைப்பும் இடம்பெற்றால், தமிழறிந்த ஒருவர் முதற் படிமத்திலேயே இதனைக் கண்டு ஓட்டத்தை நிறுத்த இயலும்.

6. நிறைவான அறிவிப்பின் கூறுகள்

இதுகாறும் கூறியவற்றிலிருந்து, நம்பத்தகுந்த நிகழ்நேர அறிவிப்பு ஐந்து கூறுகளை உடையதாதல் வேண்டும் எனத் தெளியலாம். தொடக்கத்தில் மொத்தம் எத்தனை என்னும் திட்டம். ஒவ்வொரு சோதனையும் தொடங்கும்போதும் முடியும்போதும், அடையாள எண்ணும் முயற்சி எண்ணும் கொண்ட நிகழ்வுச் செய்தி. இடையில் உயிர்ப்புச் செய்தி. தவறிய இடத்தில் உரை, குறியீட்டெண், படிமம் ஆகிய சான்று. இறுதியில் ஓட்டம் முடிந்தது என்னும் வெளிப்படையான நிறைவுச் செய்தி. நிறைவுச் செய்தி வராத ஓட்டத்தை, தோல்வி ஏதும் காணப்படாவிடினும், ‘முடிவுறாதது’ என்றே அறிக்கை குறித்தல் வேண்டும்.

இவ்வைந்தும் அமைந்த நிகழ்வோடையைச் சேமித்துவைத்தால், ஓட்டம் முடிந்தபின் அதிலிருந்தே எக்ஸ்எம்எல் அறிக்கையையும் ஆக்கிக்கொள்ளலாம். மாறாக, எக்ஸ்எம்எல் அறிக்கையிலிருந்து நிகழ்வோடையை முழுமையாக மீட்க இயலாது. எது எப்போது தெரிந்தது என்னும் வரலாறு அதில் இல்லை. ஆதலின் ஓடையை மூலமாகவும் ஆவணத்தை வழிநூலாகவும் கொள்ளுதல் தகும்.

முடிவுரை

நிகழ்நேர அறிவிப்பின் பயன் விரைவு என்றே பெரிதும் கருதப்படுகிறது. விரைவு மெய்யான பயனே. ஆனால் அது தோல்விக்கே பொருந்தும். மறுமுயற்சியிலும் மாறாத ஒரு தோல்வி தெரிந்த கணமே ஓட்டத்தை நிறுத்தலாம். அதற்கு முழுமை தேவையில்லை. வெற்றியோ ஒவ்வொரு சோதனையும் முடிந்த பின்னரே வெற்றி. ‘நிறுத்துக’ என்பதை எச்சத்தைக் கொண்டே சொல்லலாம். ‘வெளியிடலாம்’ என்பதைச் சொல்ல முற்று வேண்டும். இவ்வேறுபாட்டை வாசகரின் நினைவுக்கு விட்டுவிடாமல் அறிக்கையின் வடிவத்திலேயே அமைத்தல், தமிழ் மின்பதிப்புகளின் சோதனை அறிக்கைகளை வடிவமைப்போர் முதலில் கருத்திற்கொள்ள வேண்டியதாகும்.